தீவு யாருக்குத் திறக்கிறது?

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாவைப் பார்க்க அயல்நாட்டவர் 800 டாலர் கட்டுகிறார்கள். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு, ஒரே ஒரு மணி நேரத்துக்குத்தான் அனுமதி. கட்டுப்பாடும் காசும் பலன் தந்தன; மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அந்தக் காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள், 1991-இல் அது தேசியப் பூங்கா ஆனபோது வெளியேற்றப்பட்டார்கள். வெற்றிக் கதையின் மறுபக்கம் இது.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவையும் இந்த இரண்டு பக்கங்களையும் வைத்தே எடைபோட வேண்டும். 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்ட பூங்கா இது. காவல் தேவைதான். பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் கரைந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல்லுக்கும் காவல் வேண்டும்.

ஆனால் காவல் யார் மேல் விழுந்தது? பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, கடலடிப் பாரிலிருந்து மரிக்கொழுந்து என்ற கடற்பாசியைப் பறிப்பவர்கள். தீவுப் பக்கம் போனால் அவர்களுக்கு வழக்கு, அபராதம். பக்கத்துக் குந்துகாலிலிருந்தோ, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, அதே பூங்காவின் குருசடைத் தீவுக்குப் படகு போகிறது.

பாசி எடுப்பதில் பவளம் மிதிபடும் என்பது நியாயமான கவலை. அந்தக் கவலைக்குப் பெண்களே விடை சொன்னார்கள்: மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது. அவர்களை ஒன்றுதிரட்டிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருது கிடைத்தது. உலகம் மெச்சிய ஒழுங்கைப் பூங்காவின் விதி இன்னும் ஏற்கவில்லை.

தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வேறு வழி தெரிகிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே பயணிகளுக்குப் படகு ஓட்டுகிறார்கள். ஊர்ப் பெண்கள் நண்டும் கணவாயும் சமைத்துப் போடுகிறார்கள். ஆனால் அது பூங்கா எல்லைக்கு வெளியே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. தீவில் சிக்கல் பெரிது. பாசி எடுப்பதற்கே தடை இருக்கும்போது, படகுக் கட்டணத்தில் பங்கு கொடுத்தால் மட்டும் அது தீராது.

தீவுச் சுற்றுலா வேண்டாம் என்பதல்ல என் முடிவு. ஆள்கணக்கும் நேரக்கணக்கும் பிவிண்டி அளவுக்குக் கறாராக இருக்கட்டும். அதற்கும் முன்னால், கட்டுப்பாட்டோடு பாசி எடுக்கும் உரிமை சின்னப்பாலத்துப் பெண்களுக்கு எழுத்தில் வர வேண்டும். அதுவரை குருசடைப் படகுப் பயணத்தைக் கடல் காக்கும் சுற்றுலா என்று நான் சொல்ல மாட்டேன்.