எட்கர் கொட்டின் கட்டுரையும் வணிக மாணாக்கரின் தரவுத்தளக் கல்வியும்

வணிகம் கொடுக்கல் வாங்கலால் நடைபெறுவது. கொடுக்கல் வாங்கலோ நினைவினால் நிலைபெறுவது. மாந்தரின் நினைவு தளரும் இயல்பினது ஆதலின், வணிகர் ஏட்டைத் துணைக்கொண்டனர். இத்தாலிய நாட்டுத் துறவியாகிய லூக்கா பசியோலி, 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே அச்சேறிய தமது கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். முதற்பதிவேடு, பேரேடு, பரீட்சை மீதி என்னும் ஒழுங்கிலே கணக்கியல் பயில்வோர் இன்றும் அம்முறையைக் கற்கின்றனர். இக்காலத்தில் ஏட்டின் இடத்தைத் தரவுத்தளம் பெற்றுவிட்டது. ஆயின், ஏட்டைக் கற்ற ஒழுங்கோடு தரவுத்தளத்தையும் வணிக மாணாக்கர் கற்கின்றனரா என்பது ஆராயற்பாலது.

பல வகுப்புகளில் இக்கல்வி ஒரு மென்பொருளைத் திறப்பதிலே தொடங்குகின்றது. எப்பொத்தானை அழுத்தினால் அட்டவணை தோன்றும், எவ்வாணையால் விவரம் வெளிப்படும் என்பன முதலிற் கற்பிக்கப்படுகின்றன. இயல்பாக்கலின் படிநிலைகள் வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்யப்படுகின்றன. மென்பொருளோ சில ஆண்டுகளில் மாறிவிடும். மனனஞ் செய்தவை பரீட்சையோடு மறையும். எஞ்சி நிற்க வேண்டிய சிந்தனை யாது என்பதை அறிய விரும்புவோர், அத்துறையின் மூலக் கட்டுரையை நோக்குதல் நலம்.

அக்கட்டுரையை இயற்றியவர் எட்கர் கொட். இங்கிலாந்திற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் கணிதமும் இரசாயனமும் பயின்ற இவர், ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய காலத்திலே, பலரும் பகிர்ந்து பயன்கொள்ளும் பெருந் தரவுத் தொகுதிகளுக்கான தொடர்புக் கொள்கையை 1970 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டார். பதினொரு பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, கணினித் துறையின் உயர் விருதாகிய டியூரிங் விருதை 1981 இல் அவருக்கு ஈட்டித்தந்த பணிக்கு அடித்தளமாயிற்று.

கொட் எதிர்த்தது யாது என்பதை அறிந்தாலன்றி அவர் நாட்டியதன் அருமை விளங்காது. அக்காலத்துத் தரவுத்தளங்கள் மரத்தின் கிளைகள் போலவோ வலையின் கண்ணிகள் போலவோ அமைந்திருந்தன. ஒரு விவரத்தைப் பெற விழைபவர், அது பொறியினுள்ளே எவ்வழியாற் சென்றடையத்தக்கது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உள்ளமைப்பு மாறின், எழுதிய நிரல்களும் பழுதுறும். கொட் இந்நிலையைப் பயனர்க்கு இழைக்கப்படும் சுமை எனக் கண்டார். தரவின் பொருள் வேறு, அது பொறியில் உறையும் முறை வேறு என அவர் பிரித்தார். கணிதத்திலுள்ள தொடர்பு என்னும் கருத்தை எடுத்து, தரவு அனைத்தையும் அட்டவணைகளாகக் கருதலாம் என்றார். வரிசைகளின் ஒழுங்கு பொருட்டன்று. ஒவ்வொரு வரிசையும் தன் முதன்மைச் சாவியால் இனங்காணப்படும். ஓர் அட்டவணை மற்றொன்றை அந்நியச் சாவியாற் சுட்டும். பொருளை வழங்குவோர், உதிரிப் பாகம், வேலைத்திட்டம், அளவு என்னும் நான்கு கூறுகளால் அவர் காட்டிய உதாரணம் வணிகத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

இக்கருத்தின் பயனை ஒரு புடைவைக் கடையின் கணக்கிற் காணலாம். ஒவ்வொரு விற்பனைப் பட்டியலிலும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, துணியின் பெயர், விலை ஆகிய அனைத்தையும் ஒரே அட்டவணையில் எழுதுவதாகக் கொள்க. வாடிக்கையாளர் வீடு மாறின், அவர் முகவரியை நூறு இடங்களில் திருத்த நேரிடும். ஒன்று விடுபட்டாலும் கணக்கு தன்னோடு தானே முரண்படும். அவருடைய ஒரே பட்டியலை நீக்கினால், அவரைப் பற்றிய செய்தியே அழிந்துபோகும். இன்னும் எதனையும் வாங்காத ஒருவரைப் பதிவதற்கோ இடமே இல்லை. ஒரு செய்தியை ஓரிடத்தில் மாத்திரமே உரைத்தல் என்னும் நெறி இக்கேடுகளைக் களைகின்றது. இயல்பாக்கலின் உயிர் இதுவே. இதனை உணர்ந்த மாணாக்கனுக்கு வரைவிலக்கணம் தானே வாய்க்கும்.

எனினும் இந்நெறியைப் பொறிபோற் கையாளுதல் பிழைக்கு வழியாகும். துணியின் விலை பொருள் அட்டவணையில் உள்ளதாதலின், பட்டியலில் அதனை மீண்டும் எழுதுதல் வீண் எனச் சிலர் நீக்கிவிடுவர். அடுத்த மாதம் விலை ஏறியதும் பழைய பட்டியல்களின் தொகையெல்லாம் மாறிவிடும். கடன்பட்டோர் தாம் ஒப்பாத தொகைக்குப் பொறுப்பாவர். இன்றைய விலை ஒரு செய்தி. அன்று விற்ற விலை மற்றொரு செய்தி. இரண்டும் ஒரே எண்ணாகத் தோன்றினும் பொருளால் வேறானவை. இவ்வேறுபாட்டைக் காட்டுவது மென்பொருள் அன்று; வணிகத்தை அறிந்த அறிவே காட்டும்.

ஈண்டுக் கொட்டின் கட்டுரையின் எல்லையும் புலனாகின்றது. அமைந்த அட்டவணைகளை எங்ஙனம் செம்மையாக்குவது என்பதை அது சொல்லும்; ஒரு நிறுவனத்துக்கு எவ்வட்டவணைகள் வேண்டும் என்பதை எங்ஙனம் கண்டறிவது என்பதை அது விரித்துரைக்கவில்லை. அக்குறையை நிரப்ப முற்பட்டவர் பீற்றர் சென். 1976 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நிலைபொருள் உறவு வரிப்படம், வணிகரும் கணினியாளரும் ஒரு தாளை நடுவே வைத்து உரையாட வழிசெய்தது. முகாமைத்துவத்தைப் பற்றியும் கொட்டின் கட்டுரை போதிய அளவு பேசவில்லை. ஒரே இருப்பை இருவர் ஒரே கணத்தில் விற்க முயன்றால் யாது நிகழும், பணமாற்றத்தின் நடுவே மின்சாரம் தடைப்பட்டால் பாதிக் கணக்கு என்னாகும் என்னும் வினாக்களுக்கு ஜிம் கிறே முதலியோரின் பின்னைய ஆய்வுகளே விடை தந்தன.

வணிக மாணாக்கருக்கு மிக அணுக்கமான நூற்பொருள் வேறொன்று உண்டு. அமெரிக்கக் கணக்கியலறிஞர் வில்லியம் மக்கார்த்தி 1982 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, வளம், நிகழ்ச்சி, அதில் ஈடுபடுவோர் என்னும் மூன்றையே கணக்கின் மூலமாகக் கொண்டது. பேரேட்டின் இருபக்கப் பதிவுகள் மூலத்தரவு அல்ல; நிகழ்ச்சிகளைச் செவ்வனே பதிந்துவைத்தால் வேண்டும்போது வருவித்துக்கொள்ளத்தக்கவை என்பது அவர் துணிபு. கணக்கியலையும் தரவுத்தளத்தையும் இரு பாடங்களாகப் பிரித்து வைத்தோர் காணத் தவறிய பாலம் இது. ஆயினும் இரட்டைப் பதிவு பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் ஆற்றலுடையது. அக்காவலை இழத்தல் ஆகாது என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

இக்கல்வி பிழைபடின் வரும் தீங்கு வகுப்பறையோடு நில்லாது. இலங்கையில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாகக் கொள்ளும் வழக்கத்தை உதாரணமாகக் கூறலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டைகளிற் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. பழைய அட்டையோடு பதியப்பட்ட ஒருவர் புதிய அட்டையோடு வருவாராயின், ஆராயாது அமைத்த தரவுத்தளம் அவரை இருவராகக் கொள்ளும். ஒருவர் பெயரில் கடன் நிலுவையாக நிற்க, மற்றவர் பெயரிற் செலுத்திய பணம் சேரும். கட்டிய பணத்துக்கு மீண்டும் கடிதம் பெறும் ஏழைக்குச் சாவி என்னும் சொல்லே தெரியாது. அவர் அறிவது தாம் பொய்யராக்கப்பட்டதை மட்டுமே.

ஆதலின், வணிக மாணாக்கரின் தரவுத்தளக் கல்வி கணினியின் முன்னன்று, ஒரு கட்டுப் பட்டியல்களின் முன்னே தொடங்குதல் வேண்டும். பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் மேசைமீது பரப்பி, இங்கே நிகழ்ந்தது யாது, ஈடுபட்டவர் யாவர், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிவது எதனால் என மாணாக்கர் வினவிப் பழகுதல் முதற்படி. அவற்றை வரிப்படமாக வரைதல் இரண்டாம் படி. அட்டவணைகளாக்கிச் சோதித்தல் மூன்றாம் படி. மென்பொருளும் வினவல் மொழியும் அதன் பின்னரே வரத்தக்கன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். கடையையும் கணக்கையும் அறியாது கற்ற தரவுத்தளமும் அத்தகையதே.