பன்னிரு படிகளும் நமது பிரசங்க பீடமும்

குடிநோயிலிருந்து மீள விழைவோருக்கென எழுந்த வாசகங்களுள் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பன்னிரு படிகள் நமது தனிக் கவனத்துக்குரியவை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்த இவ்வியக்கம், 1939இல் தன் நூலை வெளியிட்டது. அதன் வேர் திருச்சபைக்குள்ளேதான் இருந்தது. லுத்தரன் போதகர் பிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவிலும், நியூயார்க் எபிஸ்கோப்பல் குருவானவர் சாமுவேல் ஷூமேக்கரின் போதனையிலும் வில்சன் பெற்றவையே இப்படிகளில் பெரிதும் உருக்கொண்டன. எனவே இவை நமது பிரசங்கங்களில் எடுத்தாளப்படுவதில் வியப்பில்லை. எவ்வாறு எடுத்தாளப்படுகின்றன என்பதே ஆராயத்தக்கது.

முதலில் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். படிகள் அனைத்தும் பன்மையில், இறந்த காலத்தில் அமைந்தவை. மதுவின்முன் தாங்கள் வலுவிழந்ததை ஒப்புக்கொண்டதாகச் சிலர் கூடிச் சொல்லும் சாட்சி அது. ‘குடியை நிறுத்து’ என்னும் ஏவல் பன்னிரண்டில் ஒன்றிலும் இல்லை. ஆங்கிலத்தின் ஒற்றைப் பன்மைச் சொல்லைத் தமிழாக்குவோன் ‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா எனத் தேர்ந்தாக வேண்டும். குடிநோயாளர் தம்முள் பேசும்போது ‘நாம்’ பொருந்தும். குடித்தறியாத ஆயர் பீடத்தில் நின்று அதே ‘நாம்’ சொல்வாராயின் அது உபசார வழக்கே. நம்மில் பலர் இரண்டையும் விடுத்து ‘நீ’ என்கிறோம். அவ்வளவில் சாட்சி கட்டளையாகிறது. ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் தன்னைப்பற்றிப் புலம்புவதைப் பிறனைச் சுட்டும் விரலாக்குவதற்கு இது ஒப்பாகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் கன்வென்ஷன் கூட்ட இரவொன்றில் பத்தாண்டுக் குடியை விடுவதாக ஒருவன் கையுயர்த்திப் பொருத்தனை செய்கிறான் என்று கொள்வோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதலிரு நாட்களில் வலிப்பு வரலாம்; இரண்டாம், மூன்றாம் நாளில் மதிமயங்கி, இல்லாத உருவங்களைக் காணலாம். மருத்துவமின்றி விட்டால் இதில் உயிர்போவதும் உண்டு. இதைப் பேய் என்று கருதி ஜெப வீட்டில் அடைத்து வைப்போரும் நம்மிடையே உள்ளனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் விளையும் மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்து, சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. அவனுக்கு அப்போது வேண்டுவது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போன்றதோர் இடம், படிப்படியாகக் குறைக்கப்படும் அமைதியூட்டும் மருந்து, தயமின் ஊசி. ஜெபம் அங்கும் கூடவே செல்லலாம்.

படிகளை மட்டும் பெயர்த்தெழுதுவோர் மறக்கும் ஒன்றுண்டு: 1939ஆம் ஆண்டு நூலின் முகப்பிலேயே வில்லியம் சில்க்வொர்த் என்னும் மருத்துவரின் கருத்துரை நிற்கிறது. நூலாசிரியர்கள் மருத்துவரை வாசலில் நிறுத்தினர். நாம் அவரைக் கடந்து நேரே பீடத்துக்கு ஏறிவிட்டோம்.

‘தாங்கள் அறிந்தபடியான கடவுள்’ என்ற மூன்றாம் படியின் தொடரில் கிறிஸ்தியல் இல்லை என்பது இறையியலார் சிலரின் குறை. குறை உண்மையே. ஆயினும் நோயாளி கிறிஸ்தவனாகவும் அவன் தம்பி மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவனாகவும் இருக்கும் ஊரில் அத்தொடர் திறந்துவைக்கும் வாசலை நான் அடைக்கத் துணியேன்.

மெய்யான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. அந்நூலில் மனைவியருக்கென ஓர் அதிகாரம் உண்டு. மனைவியரின் குரலிலேயே பேசும் அதனை எழுதியவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ் அல்லர். சினங்கொள்ளாமையே அதில் மனைவிக்குரிய முதற்பாடம். லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ அமைப்பைத் தோழி ஒருவருடன் தொடங்க நேர்ந்ததே அவ்வதிகாரத்துக்கு எழுதப்பட்ட தக்க மறுமொழி எனலாம். அடிபடும் பெண்ணுக்கு நமது ஆலோசனையும் பெரும்பாலும் ‘பொறுத்திரு’ என்பதே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்னும் உதவி எண்ணும் அவளுக்கு உண்டென்பதை எத்தனை ஆயர்கள் சொல்லியிருப்பர்? பொறுமை தீர்ந்தவள் விளம்பரம் கண்டு பொடி வாங்கிக் கணவனறியாமல் குழம்பில் கலக்கிறாள். அதில் டைசல்ஃபிராம் இருந்து அவன் மேலும் குடிப்பானாகில் உயிருக்கே இடராகும். (மருத்துவர் இம்மருந்தை முறையாகத் தந்துள்ளவருக்குத் திருவிருந்தில் புளித்த திராட்சரசம் கொடுக்கலாகாது என்பதையும் குருமார் நினைவிற்கொள்க.)

வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’யைப் பொருட்பாலில் வைத்தார், ஓரதிகாரம் தள்ளி ‘மருந்து’ வருகிறது. அங்கே நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணுகிறார். பேணுபவனைப் பன்னிரு படிகள் எண்ணவில்லை.

நமது பீடத்துக்கு மற்றொரு வழக்கமும் உண்டு: மதுவிலக்கைப் பேசிவிட்டு அமைவது. 1948 அக்டோபர் 2இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிந்தபோது முதலமைச்சராயிருந்த ஓமந்தூரார் திண்டிவனத்தை அடுத்த ஊரினர், அப்பெருமை நமக்குண்டு. ஆயினும் 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், மறு ஆண்டு ஜூனில், 2019வரை இம்மாவட்டத்தின் பகுதியாயிருந்த கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக் கடை திறந்திருந்த நாட்களிலேயே இது நடந்தது. கடை திறப்பும் அடைப்பும் அரசின் கையில். குடிப்பவன் வீட்டின் கதவு நமக்கு எட்டும் தொலைவில்.

அனானிமஸ் என்பதன் பொருளான பெயர் மறைப்பும் இங்கே கடினம். ஒரே ஆலயம் உள்ள காலனியில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போகிறான் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். கூலி வேலை செய்பவன் வாரக்கணக்கில் நகர மருத்துவமனையில் தங்கவும் இயலாது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மஞ்சக்குடியில் நடத்திய சிற்றூர் முகாம்கள் இச்சிக்கலுக்கு விடை தேடின: சிகிச்சை ஊருக்கே வந்தது, குடும்பத்தாரும் அதில் இடம்பெற்றனர். நமது சபை மண்டபங்கள் வாரநாட்களில் பூட்டியே கிடக்கின்றன.

எட்டாம், ஒன்பதாம் படிகள் தீங்கிழைக்கப்பட்டோரைப் பட்டியலிட்டு ஈடுசெய்யச் சொல்கின்றன. பிரசங்கங்களில் மிகக் குறைவாகக் கேட்கப்படுபவை இவையே. இங்கு அப்பட்டியல் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும்: அடகில் மூழ்கிய தோடு, மனைவியின் பெயரில் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன், பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்குப் போன மகன். மன்னிப்புக் கேட்டதும் ஒப்புரவு முடிந்துவிடுவதாகக் கொள்ளும் நமது பழக்கத்தை இப்படி கண்டிக்கிறது. மீண்டவன் அப்பட்டியலை எழுதவும், மாதந்தோறும் எவ்வளவு அடைப்பது என்று மனைவியின் முன்னிலையில் முடிவுசெய்யவும், சபை மூப்பர் இருவர் உடனிருக்கலாம். அவள் சம்மதித்தால் மட்டும்.