கடிகாரச் சங்கிலியில் தொங்கிய பதக்கம்

சட்டப் படிப்பை முடித்து அரசுப் பணிக்குப் புறப்படும் இளைஞர் இவான் இலியிச், பெயர்பெற்ற தையற்காரரிடம் புத்தாடைகள் தைத்துக்கொள்கின்றார். உயர்ந்ததோர் உணவகத்தில் தோழர்களோடு பிரிவு விருந்து உண்கின்றார். தம் கடிகாரச் சங்கிலியில் ஒரு பதக்கத்தையும் மாட்டிக்கொள்கின்றார். முடிவை எண்ணிப் பார்க்கச் சொல்லும் இரண்டு இலத்தீன் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1886-இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலில் டால்ஸ்டாய் இதை ஓரிரு சொற்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றார். புத்தாடைக்கும் விருந்துக்கும் நடுவே அந்தப் பதக்கமும் ஓர் அணிகலன். அவ்வளவுதான்.

குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது இந்நூலை முதன்முதலாகப் படித்தேன். ஜெர்மானிய அறிஞர் ஹைடெக்கர் 1927-இல் எழுதிய 'இருத்தலும் காலமும்' என்னும் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இக்கதையைக் குறிப்பிடுகின்றார். அதற்காகப் பேராசிரியர் படிக்கச் சொன்னார், நானும் தேர்வுக்காகப் படித்தேன். அப்போது அந்தப் பதக்கம் என் கண்ணிலேயே படவில்லை. எத்தனையோ நோயாளிகளின் கட்டிலருகே நின்றபின், ஐம்பதைக் கடந்த வயதில் மீண்டும் படித்தபோதுதான் அது கண்ணில் குத்தியது. சீராக்கின் ஞான நூலும், செய்வன அனைத்திலும் உன் முடிவை மனத்தில் கொள் என்ற பொருளில்தான் அறிவுரை கூறுகின்றது. கல்லறைத் திருநாள்தோறும் நான் மேடையேறிச் சொல்வதும் அதுவே. சாவை நினைத்தால் வாழ்வு சீர்ப்படும் என்கின்றோம். இவான் இலியிச் அந்த நினைவூட்டலை வாழ்நாளெல்லாம் உடலில் அணிந்திருந்தார். அது அவரை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் அவரை மாற்றியது எது?

திருச்சபையோடு பிணங்கியவரைப் பற்றி மறைமாவட்ட இதழில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 1901-இல் உருசிய மரபுத் திருச்சபையின் புனித ஆயர் மன்றம், டால்ஸ்டாய் தன் உறுப்பினர் அல்லர் என்று அறிவித்தது உண்மையே. அவருடைய இறையியலை நான் ஏற்கவில்லை. ஆயினும் நம்மை நன்கறிந்த எதிராளி சொல்வதைச் சற்றுக் கூர்ந்து கேட்பது நல்லது.

கதை எளியது. நீதிமன்றத்தில் உயர்பதவி, ஐயாயிரம் ரூபிள் சம்பளம், புதிய வீடு. அந்த வீட்டைத் தாமே முன்நின்று அழகுபடுத்துகையில், திரைச்சீலையை எவ்வாறு தொங்கவிட வேண்டும் என்று வேலையாளுக்குக் காட்ட ஏணியில் ஏறுகின்றார். கால் நழுவி, சன்னல் சட்டத்தின் குமிழில் விலா இடித்துக்கொள்கின்றது. அந்த வலி ஆறிவிடுகின்றது. பின்னர் விலாவில் வேறொரு நோவு தொடங்குகின்றது; வாயில் இனந்தெரியாத கசப்பு. சில மாதங்களில், 45-ஆம் வயதில், முடிந்துவிடுகின்றார். கோட்டையைத் தாக்கி உயிர்விடுவதுபோல் ஒரு திரைச்சீலைக்காக உயிர்விடுகின்றோமே என்று அவரே ஓரிடத்தில் நினைத்துப் பார்க்கின்றார். துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றி 1881-இல் இறந்த ஒருவரின் வாழ்வு இக்கதைக்குத் தூண்டுதல் என்பர். அவர் கொலைகாரர் அல்லர். கையூட்டு வாங்கியவரும் அல்லர். எல்லாரும் மதிக்கும் முறையில் வாழ்ந்தவர். அதுவே அச்சந்தருவது என்பது டால்ஸ்டாயின் கருத்து.

நோய் முற்றியபின் அவருக்குப் பள்ளிக்காலத் தருக்க நூல் நினைவுக்கு வருகின்றது. மனிதர் எல்லாரும் சாவதால் காயுஸ் என்பவனும் சாவான் என்று நிறுவும் எடுத்துக்காட்டு அதில் உண்டு. காயுசுக்கு அது பொருந்தும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் தாம் காயுஸ் அல்லரே! அன்னையின் செல்லப்பிள்ளையாக, கோடிட்ட தோல் பந்தின் மணத்தை விரும்பிய சிறுவனாக இருந்தவர் அல்லவா? அந்த மணம் காயுசுக்குத் தெரியுமா? சாவைப் பற்றிய பொது உண்மைக்கும் என் சாவுக்கும் இடையே உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்டியவரை நான் அறியேன்.

அந்தத் தொலைவு தமிழராகிய நமக்கும் பழக்கமானதே. திருக்குறளில் நிலையாமைக்குத் தனி அதிகாரம் இருக்கின்றது. நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையை வைத்தே தொடங்குகின்றது. சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தவுடன் நாம் எல்லாருமே பட்டினத்தாராகிவிடுகின்றோம். ஆனால் ஒரு வாரத்துக்கு முன், அதே வீட்டின் உள்ளறையில், அதே மனிதர் உயிரோடு படுத்திருந்தபோது அவரிடம் இதைப் பற்றி வாய்திறந்தவர் யார்? சாம்பல் புதனன்று நூற்றுக்கணக்கான நெற்றிகளில் விரல் பதிக்கும் நானும் அந்த அறையில் மருந்து, உணவு, மழை என்றுதான் பேசியிருக்கின்றேன்.

இக்கதையின் மிகக் கூரிய பகுதி மருத்துவரைக் காணச் செல்லும் பகுதி என்பேன். நீதிமன்றத்தில் இவான் இலியிச்சுக்கு ஒரு தனித்திறமை இருந்தது. வழக்கிலிருந்து மனிதரை நீக்கிவிட்டு, அலுவலுக்கு உரியதை மட்டும் தாளில் கொண்டுவருவது. பெரிய மருத்துவர் இப்போது அதையே அவருக்குச் செய்கின்றார். இடம்பெயர்ந்த சிறுநீரகமா, குடல்வாலா என்பதே அவருடைய ஆய்வு. இந்நோய் உயிருக்கு ஆபத்தானதா என்று நோயாளி கேட்கும்போது, அது முறையற்ற கேள்வி என்பதுபோல் மருத்துவர் அவரை நோக்குகின்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைத் தாம் நோக்கிய அதே பார்வை என்பதை நீதிபதி அடையாளம் காண்கின்றார்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோயுற்றிருந்தார். பிள்ளைகள் என்னை வாசலிலேயே நிறுத்தி, "சாமி, அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அங்கியில்லாமல் சும்மா பார்க்க வந்தமாதிரி வாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வாறே சென்றேன். சற்று நேரம் கழித்து, மகன் தண்ணீர் எடுக்க எழுந்து போனவுடன், பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாமி, உண்மையைச் சொல்லுங்க. நான் பிழைக்கமாட்டேன்தானே?" என்றார். "அப்படியெல்லாம் நினைக்காதீங்க ஐயா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு நாள்களுக்குப்பின் அழைப்பு வந்தபோது நினைவு தப்பியிருந்தது. எண்ணெய் பூசினேன். அவர் என்னிடம் சொல்ல நினைத்தது எதுவாயினும் அவரோடு போய்விட்டது. ஆண்டவர் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கதவை அடைத்தேன் என்பது இன்றும் உறுத்துகின்றது. மருத்துவர் குடல்வாலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். நான் செபத்துக்குப் பின்னே.

இவான் இலியிச்சை வலியைவிட அதிகம் வதைப்பது இந்தப் பொய்தான். அவர் சாகவில்லை, நோயுற்றிருக்கின்றார், அமைதியாக மருந்துண்டால் போதும் என்று மனைவியும் மகளும் மருத்துவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துள்ளனர். அதில் அவரும் பங்குகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். அவரும் அந்தப் பொய்க்கு உடந்தையே. நோயுற்ற குழந்தையைத் தடவிக்கொடுப்பதுபோல் யாராவது தம்மைத் தடவி அழமாட்டார்களா என்று ஏங்குகின்றார். அலுவலகத் தோழர் உள்ளே வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பொன்றைப் பற்றிக் கருத்துரைக்கின்றார்! எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் சாவை எதிர்நோக்கும் நோயாளிகளோடு உரையாடி 1969-இல் தம் நூலை வெளியிடுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே டால்ஸ்டாய் இதைக் கண்டுவிட்டார்.

பொய் சொல்லாதவன் அந்த வீட்டில் ஒருவனே. பணிவிடை செய்யும் நாட்டுப்புற இளைஞன் கெராசிம். மலச்சட்டியை எடுத்துச் செல்பவன் அவன்தான். கால்களை உயர்த்திப் பிடித்தால் வலி குறைவதாக எசமானருக்குத் தோன்றியதால், அவற்றைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு சில நாள்களில் இரவு முழுவதும் அமர்ந்திருக்கின்றான். எல்லாரும் ஒருநாள் போகின்றவர்கள்தாமே, இந்தச் சிறு தொல்லையை ஏன் பெரிதாக எண்ண வேண்டும் என்ற பொருளில் ஒருமுறை அவன் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றான். தருக்க நூல் சொன்ன அதே உண்மைதான். அங்கே அது கணக்கு. இங்கே அதைச் சொல்பவனின் தோள்மேல் கேட்பவரின் கால்கள் இருக்கின்றன. கெத்சமனியில் நம் ஆண்டவரும் தம் சீடர் மூவரிடம் விளக்கம் எதையும் கேட்கவில்லை. உடன் விழித்திருக்கவே கேட்டார்.

இனி, நம்மைச் சீண்டும் பகுதிக்கு வருவோம். இறுதி நாள்களில், நற்கருணை பெற்றுக்கொள்ளுமாறு மனைவி கேட்டுக்கொள்கின்றார். குரு வருகின்றார், பாவசங்கீர்த்தனம் கேட்கின்றார். நோயாளியின் உள்ளம் இளகுகின்றது. கண்ணீரோடு நன்மை வாங்குகின்றார். ஆனால் உடனே அவர் சிந்தனை குடல்வாலின்பக்கம் ஓடுகின்றது. பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எழுகின்றது. மனைவி வந்து வாழ்த்துக்கூறி, இப்போது சற்றுத் தேவலைதானே என்கின்றார். ஆமாம் என்று சொன்ன மறுகணமே அவர் வெறுப்புற்று, அனைவரையும் வெளியே போகும்படி கத்துகின்றார். மூன்று நாள் ஓயாத அலறல் அப்போதுதான் தொடங்குகின்றது.

அருட்சாதனம் வெற்றுச் சடங்கு என்று காட்டவே டால்ஸ்டாய் இதை எழுதினார் என்று கொள்வோர் உண்டு. அவர் நோக்கமும் அதுவாக இருந்திருக்கலாம். எனினும் கதை அதை எழுதியவரைவிட நேர்மையாக இருக்கின்றது. அங்கே தோற்றது நற்கருணை அன்று. நற்கருணையையும் மருந்துப் புட்டிகளின் வரிசையில் கொண்டுபோய் வைத்த அந்த வீட்டின் பொய். அந்தப் பொய்யை உடைக்கக் குரு என்ன செய்தார்? கதையில் அவருக்குப் பெயரில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் பதிவாகவில்லை. வந்தார், கடமையை முடித்தார், போனார். நீதிபதி, மருத்துவர் ஆகியோரின் வரிசையில் மூன்றாவது அலுவலர்! திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் 1963-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'கடைசிப் பூசுதல்' என்பதைவிட 'நோயில் பூசுதல்' என்னும் பெயரே பொருத்தம் என்றும், அது சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. நம் ஊர்களில் அது இன்னும் 'அவஸ்தைப் பூசுதல்'தான். மூச்சு இழுக்கத் தொடங்கியபின் குருவுக்கு ஆளனுப்புகின்றோம். அதற்கு முன் அனுப்பினால் நோயாளி பயந்துவிடுவாராம். பங்குமக்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வாசலில் அங்கியைக் கழற்றிவிட்டுச் சென்றவன் நான்.

மீண்டும் நம் கேள்விக்கு வருவோம். அலறலின் மூன்றாம் நாள், பள்ளி மாணவனான மகன் வாஸ்யா ஓசையின்றி அறைக்குள் நுழைகின்றான். தந்தையின் வீசியாடும் கை அவன் தலைமேல் விழுகின்றது. சிறுவன் அதைப் பற்றி உதட்டில் ஒற்றிக்கொண்டு அழுகின்றான். அந்நொடியில் இவான் இலியிச்சுக்கு மகன்மேல் இரக்கம் உண்டாகின்றது. அழுத முகத்தோடு நிற்கும் மனைவிமேலும் உண்டாகின்றது. தம் வாழ்வு சரியானதா என்று பல வாரங்களாகத் தம்மையே கேட்டு, சரியானதுதான் என்று வாதாடிக்கொண்டிருந்தவர், அந்த வழக்கையே விட்டுவிடுகின்றார். இவர்களைத் துன்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே இப்போது அவருடைய எண்ணம். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கின்றார். நா குழறி வேறொரு சொல் வந்துவிடுகின்றது. திருத்தவும் வலுவில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகின்றார். பிறகு அச்சம் இல்லை. சாவு இருந்த இடத்தில் ஒளி.

இந்த ஒளி சற்று விரைந்து வந்துவிட்டது என்று முன்பு நினைத்ததுண்டு. அலறிக் கிடந்தவருக்கு ஒரே நொடியில் விடுதலையா? ஆனால் டால்ஸ்டாய் நமக்கு ஆறுதல் தருவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு நேர்ந்த மாற்றம் சூழ நின்றவர் எவருக்கும் தெரியாது. அவர்கள் கண்டது மேலும் இரண்டு மணி நேர இழுப்பு மட்டுமே. முதல் அத்தியாயம் சாவுக்குப்பின் நடப்பது. அங்கே மனைவி, அந்த மூன்று நாள் அலறலைத் தாம் எப்படித் தாங்கிக்கொண்டார் என்று வந்தவரிடம் விவரித்துவிட்டு, அரசிடமிருந்து கூடுதலாகப் பணம் பெற வழியுண்டா என்று கேட்கின்றார். அலுவலகத் தோழர்கள் காலியான பதவியை எண்ணுகின்றனர். சீட்டாட்டத்துக்கு நேரம் பார்க்கின்றனர். இறந்தவரின் முகத்தில் உயிரோடிருப்பவர்க்கு ஏதோ எச்சரிக்கை இருப்பதுபோல் ஒருவருக்குத் தோன்றுகின்றது. அது தமக்கன்று என்று அவரும் ஒதுக்கிவிடுகின்றார்.

முதல் வாசிப்பில் அந்த அத்தியாயத்தை ஓர் அங்கதம் என்றே கடந்துவிட்டேன். முடிவைப் படித்தபின் திரும்பவும் அங்கே போய்ப் பாருங்கள். படிக்கட்டின் கீழிருந்து ஒரு சிறுவன் வெளிப்படுகின்றான். தந்தையை அப்படியே உரித்துவைத்த முகம். அழுது சிவந்த கண்கள். விருந்தினரைக் கண்டதும் கடுகடுத்து முகத்தைச் சுளிக்கின்றான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் கெராசிம் விருந்தினருக்கு மேலங்கியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றான்.