'நடக்கும் தூரம்' யாருடைய கால்களில்? அனஹைம் விடுதிகள் பற்றி ஒரு குறிப்பு

விடுதி பதிவு செய்யும் தளங்களில் நான் அதிகம் நம்பி ஏமாந்த சொல் எது என்று கேட்டால், 'சுத்தமான அறை' இல்லை, 'இலவச காலை உணவு'ம் இல்லை. 'நடக்கும் தூரம்'தான். போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சான் ஹோசேயிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டி டிஸ்னிலேண்ட் போனோம். மூன்று இரவு அனஹைமில். அந்தப் பயணத்துக்குப் பிறகு இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் படித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

வழக்கம்போல ஒரு எக்செல் போட்டேன். விடுதியின் பெயர், ஒரு இரவு வாடகை, பூங்காவிலிருந்து தூரம், விருந்தினர்கள் கொடுத்த மதிப்பெண். ஹார்பர் புலவார்டில் நுழைவாயிலுக்கு நேர் எதிரே இருந்த மோட்டலை விட 60 டாலர் குறைவாக ஒன்று கிடைத்தது. தூரம் அரை மைல் என்று போட்டிருந்தது. மூன்று இரவுக்கு 180 டாலர் மிச்சம், வரியையும் சேர்த்தால் 210. சந்தோஷமாகப் பதிவு செய்தேன்.

அரை மைல் என்பது பொய் இல்லை. அதுதான் இதில் வேடிக்கை. வரைபடத்தில் டிஸ்னிலேண்ட் என்று குத்தி வைத்திருக்கும் புள்ளி பூங்காவின் நடுவில், கிட்டத்தட்ட அந்தக் கோட்டை பக்கம் இருக்கிறது. எங்கள் விடுதி பூங்காவுக்கு வடக்கே, பால் ரோடு தாண்டி. காக்கா பறக்கிற கணக்கில் அரை மைல் சரிதான். ஆனால் பூங்காவின் வடக்குப் பக்கம் அதன் முதுகு. அங்கே வேலியும் மரமும் ஊழியர் வேலை செய்கிற கட்டிடங்களும்தான், உள்ளே போக வழி கிடையாது. வாசல் தெற்கே. நாங்கள் ஹார்பர் புலவார்டு வழியே ஐ-5 நெடுஞ்சாலையைக் கடந்து, நடைபாதை நுழைவு வரை வந்து, பைகளைச் சோதிக்கும் வரிசையில் நின்று, டிக்கெட் வாசலைத் தொட வேண்டும். நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்.

"ஏண்டா, இதுதான் நடக்கற தூரமா?" என்றாள் அம்மா, முதல் நாள் காலை பாதி வழியில் ஒரு பஸ் நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. எனக்குத் தனியாக நடந்தால் இருபது நிமிடம். அம்மாவின் முழங்காலோடும் நாலு வயசுக்காரனோடும் நாற்பது நிமிடம் ஆனது.

இங்கே இந்தப் புள்ளிக் கணக்கின் இரண்டாவது ஓட்டை. தளங்கள் தூரத்தை ஒரு தடவைதான் எழுதுகின்றன. குடும்பமாகப் போகிறவர்கள் அதை நாலு தடவை நடக்கிறார்கள். காலையில் போவது, மதியம் வெயிலில் சின்னவன் தூங்கத் திரும்புவது, சாயந்திரம் மறுபடி போவது, வாணவேடிக்கை முடிந்து இரவு வருவது. ஒன்றரை கிலோமீட்டர் ஆறு கிலோமீட்டராகிவிடுகிறது. பூங்காவுக்குள் ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். அதற்கு மேல் இது. உள்ளே சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அவற்றை விடுதி வரை தள்ளிக்கொண்டு வர முடியாது. அதாவது எங்கே அம்மாவுக்கு மிக அதிகமாகத் தேவையோ, அங்கே அது இல்லை.

இரண்டாம் நாள் அம்மா வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கடா, நான் படுத்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு வாங்கி வைத்திருந்த அவளுடைய சீட்டு வீணானது. டிஸ்னிலேண்டில் ஒரு நாள் சீட்டு மிகக் குறைந்த விலை நாளிலேயே 100 டாலருக்கு மேல். நான் மிச்சம் பிடித்த 210-இல் பாதி அங்கேயே போனது. பணத்தை விடுங்கள். இரவு ஒன்பதரைக்கு வானத்தில் பூ பூவாய் விரிந்தபோது பெரியவள் திரும்பிப் பார்த்து, "பாட்டி ரூம்லேர்ந்து இது தெரியுமாப்பா?" என்று கேட்டாள். தெரியாது. எங்கள் அறையின் ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து இருந்தது.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். இந்த மலிவு மோட்டல்கள் அங்கே ஏன் இருக்கின்றன என்பது எனக்கு முதலில் தோன்றாத கேள்வி. பதில் 1955-இல் இருக்கிறது. வால்ட் டிஸ்னி அனஹைமில் ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கரை வாங்கிப் பூங்கா கட்டினார். ஜூலை 17 அன்று திறந்தது. சுமார் 17 மில்லியன் டாலர் செலவு. கையில் இருந்ததெல்லாம் அதற்கே சரியாகப் போயிற்று. சுற்றியிருந்த நிலத்தை வாங்கக் காசில்லை. தனக்கென ஒரு ஹோட்டல் கட்டக்கூட இல்லை. டிஸ்னிலேண்ட் ஹோட்டல் என்ற பெயரில் அந்த வருடமே வந்தது ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கட்டியது. டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு அது வந்து சேர 1988 ஆயிற்று. வேலிக்கு வெளியே மற்றவர்கள் புகுந்தார்கள். ஹார்பரிலும் கட்டெல்லாவிலும் மோட்டல்கள் முளைத்தன. 'ஸ்பேஸ் ஏஜ் லாட்ஜ்', 'இன் ஆஃப் டுமாரோ' என்று ராக்கெட் காலத்துப் பெயர்கள், கண்ணைப் பறிக்கும் நியான் பலகைகள். வால்ட்டுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. 1990-களில் நகராட்சி அந்தப் பலகைகளை எடுக்கவைத்து, பனை வகை மரங்களை நட்டுத் தெருவுக்கு வெள்ளையடித்த மாதிரி ஆக்கியது. கட்டிடங்களில் பல இன்னும் நிற்கின்றன, பெயரை மாற்றிக்கொண்டு.

அடுத்த தடவை அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஃப்ளோரிடாவில் 1960-களில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார்கள். 1971-இல் திறந்த அந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் வாசலுக்கு நடந்து போகலாம்தான், டிஸ்னியின் சொந்த விலையுயர்ந்த ஹோட்டல்களில் தங்கினால். வெளியே மலிவான விடுதியில் தங்கிவிட்டு நடந்து போவது நடக்காத காரியம். அங்கே 'நடக்கும் தூரம்' ஒரு விற்பனைப் பொருள், விற்பவர் ஒருவர்தான்.

ஆக அனஹைமில் ஒரு நடுத்தரக் குடும்பம் நடந்து போகிற தூரத்தில் அறை எடுக்க முடிகிறது என்றால், அது ஒருவரிடம் பணம் பற்றாமல் போனதால் நமக்குக் கிடைத்த வசதி. அது நிரந்தரமும் இல்லை. 2016-இல் ஹார்பருக்குக் கிழக்கே பெரிய கார் நிறுத்துமிடம் கட்டி, சாலைக்கு மேலே நடைபாலம் போடும் திட்டத்தை டிஸ்னி அறிவித்தது. முதலில் போட்ட வடிவில் தெருவிலிருந்து அந்தப் பாலத்தில் ஏற வழியில்லை. எதிரே இருக்கும் மோட்டல் விருந்தினர்கள் பின்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். கடைக்காரர்களும் மோட்டல்காரர்களும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கார் நிறுத்துமிடம் மேற்குப் பக்கம் போனது. ஆனால் 2024-இல் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்த விரிவாக்கத் திட்டத்தில் கிழக்குப் பக்கத்து நிறுத்துமிடமும் பாலமும் மறுபடி இருக்கின்றன. ஒரு மோட்டல் இருந்த இடத்திலேயே இருக்க, வாசல் அதைவிட்டுத் தள்ளிப் போகலாம். அறை வாடகையில் பாதி அந்த வாசலுக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

விருந்தினர் மதிப்புரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது அறுபது படித்திருப்பேன். தலையணை மெல்லிசு, வாஃபிள் இயந்திரம் ரிப்பேர், பக்கத்து அறையில் சத்தம். நடையைப் பற்றி எழுதினால் 'ஈஸி வாக்' என்று இரண்டு சொல். யார் நடந்தது, எந்த வயசு, எத்தனை மணிக்கு? ஒருவரும் சொல்வதில்லை. இருபத்தைந்து வயசு ஜோடியின் ஐந்து நட்சத்திரமும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் வந்த அப்பாவின் இரண்டு நட்சத்திரமும் சேர்ந்து மூன்றரை ஆகின்றன. அந்த மூன்றரை யாருடைய அனுபவமும் இல்லை.

அம்மா ஊரில் 'கூப்பிடு தூரம்' என்பார்கள். எனக்கு இப்போது அந்த அளவு ரொம்பப் பிடித்திருக்கிறது. கூப்பிடுகிறவரும் கேட்கிறவரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். 'நடக்கும் தூர'த்தில் நடக்கிற ஆளைக் காணோம்.

விலை விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல், கட்டாயக் கட்டணங்களை மறைத்து வைத்துக் குறைந்த வாடகையைக் காட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அரசு வரி மட்டும் அதில் சேராது. அனஹைமில் அது சின்னத் தொகை இல்லை: 15 சதவீதம் தங்கும் வரி, அந்த வட்டாரத்தில் சுற்றுலா மேம்பாட்டுக்கென்று இன்னொரு 2. வாடகையோடு 17 சதவீதத்தைக் கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். விடுதியிலேயே கார் நிறுத்தக் காசு கேட்கிறார்களா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தூரத்து விடுதியை எடுத்து, நடக்க முடியாமல் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனால், நிறுத்தும் கட்டணம் மட்டும் 35 டாலருக்குக் குறையாது. மூன்றாம் நாள் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

எதிர்க் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். கால் நல்லா இருக்கிறவர்களுக்கு, காலையில் போய் இரவில்தான் திரும்புவோம் என்கிறவர்களுக்கு, நான் எடுத்த விடுதி மோசமில்லை. அறை சுத்தம், ஃப்ரிட்ஜ் இருந்தது, தயிர்சாதம் கெடவில்லை. (வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்த சோதனைக்காரர் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.) மறுபக்கம், கலிஃபோர்னியா அட்வென்சருக்குள் தனி வழி வைத்திருக்கும் கிராண்ட் கலிஃபோர்னியன் ஹோட்டலும் இருக்கிறது. இரவுக்கு 500 டாலரை எளிதாகத் தாண்டும். அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

என் குறை விடுதி மேல் அல்ல, என் எக்செல் மேல். அதில் 'தூரம்' என்று ஒரு பத்திதான் இருந்தது. இப்போது அதை அழித்துவிட்டு வேறு போட்டிருக்கிறேன்: அறைக் கதவிலிருந்து டிக்கெட் வாசல் வரை, அம்மாவின் நடையில், எத்தனை நிமிடம். இடையில் உட்கார இடம் உண்டா? மதியம் திரும்ப முடியுமா? கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? அந்தப் பழைய மோட்டல்களில் பலவற்றில் மாடிக்குப் படிக்கட்டுதான். இந்த நாலையும் வைத்து வரிசைப்படுத்தியபோது, போன வருடம் விலை அதிகம் என்று தள்ளிய அதே நேர் எதிர் மோட்டல் மேலே வந்து உட்கார்ந்தது.

அடுத்த கோடைக்கு அம்மா மறுபடி வருகிறாள். போனில் சொன்னேன், இந்தத் தடவை வாசலுக்கு எதிரேயே அறை என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எவ்வளவு ஜாஸ்திடா?" என்றாள். சொல்லவில்லை.