கேட்டபின் கற்பித்த வழி

பெண்களுக்கான யோகப் பயிற்சி பற்றி நம் யோக சங்க மலருக்கு எழுதும்படி தலைவர் ஐயா சொன்னார். தட்ட முடியாது. பரம்பரைகள் நம் அங்கத்தினர்களுக்கு மனப்பாடம் என்பதால் அவற்றை விரிக்காமல், நம் பக்கத்துப் பெண்களிடம் எந்த வழி எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சோளிங்கர் பெரிய மலையில் நரசிம்மர் யோகத்தில் அமர்ந்திருக்கும் சீமை இது. ஆனால் மலையடிவாரத்துப் பெண்களுக்கு யோகம் வந்தது நேற்றுத்தான்.

பி.கே.எஸ். ஐயங்காரின் புனே வழியில் பெண்களுக்குப் பெரும் கொடை அவர் மகள் கீதா ஐயங்கார் (1944–2018). மாதவிலக்கு நாட்களில் சிரசாசனம், சர்வாங்காசனம் கூடாது; திண்டில் சாய்ந்து சுப்த பத்தகோணாசனம் போதும் என்று வகுத்தவர் அவர். தலைகீழாக நின்றால் அந்நாட்களில் கெடுதல் என்பதற்கு மருத்துவச் சான்று போதாது என்பார்கள். இருக்கட்டும். நாள் முழுதும் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு "இன்று படுத்துக்கொள்" என்று சொல்ல ஒரு சாஸ்திரமாவது இருக்கிறதே!

வேதாத்திரி மகரிஷி நெசவுக் குடும்பத்தில் பிறந்து உழைப்பாளிகளின் உடம்பை அறிந்தவர். ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாள் ஆக்கியவரும் அவரே. காயகல்பத்தில் வரும் அசுவினி முத்திரைக்கும், பிரசவத்துக்குப் பின் இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் இடுப்புத்தளப் பயிற்சிக்கும் தூரம் அதிகமில்லை. அவருடைய மனவளக்கலை மன்றத்து அன்பர்கள் மன்னிக்க வேண்டும்: எல்லோருக்கும் ஒரே வரிசை என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. யோகம் கற்பித்த கோவை நானம்மாள் பாட்டியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? குடும்பத்துப் பெரியவரிடம் கற்று, 2018இல் பத்மஸ்ரீ பெற்று, மறு ஆண்டு மறையும் வரை கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த வீடே ஒரு பள்ளி.

இனி எங்கள் வழி. கிருஷ்ணமாச்சார்யர் மைசூரில் அரண்மனைப் பையன்களுக்குச் சொல்லித் தந்த காலத்திலேயே அவர் மனைவியும் மகள்களும் வீட்டில் பயின்றார்கள். 1930களின் இறுதியில் ஐரோப்பியப் பெண்ணான இந்திரா தேவி கற்க வந்து நின்றபோது முதலில் மறுத்து, மகாராஜா சொன்னபின் ஏற்றார். பின்னாளில் ஆச்சார்யரே நாதமுனிகளின் யோக ரகசியத்தை முன்வைத்து, யோகம் பெண்களுக்கே முக்கியம், கர்ப்பிணிக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றார். 1952இல் சென்னைக்கு வந்தார். 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தில் பயின்றவர் எங்கள் டீச்சரம்மா. பெயர் போடக் கூடாது என்பது அவர் கட்டளை.

ஆம்பூரில் ஷூ கம்பெனிப் பெண் யாராவது முதல் நாள் வந்தால் டீச்சரம்மா பாய் விரிக்க விடமாட்டார். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பார். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு, காலையில் சாப்பிட்டாயா, அப்பர் தைக்கிறாயா பேஸ்டிங்கா, எந்தக் கால் பெடலில் இருக்கும், தேதி தள்ளிப்போகிறதா, வெள்ளைப்படுகிறதா, பிரசவம் சுகமா ஆபரேஷனா, பாத்ரூமுக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாயா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் தலைதான் குனியும். உதிரம் அதிகம் போனால் ஆசனம் இல்லை. முதலில் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை.

பிறகுதான் பாய். மல்லாந்து படுத்து, முழங்கால்களைக் கையால் பிடித்து, மூச்சை விடும்போது வயிற்றை நோக்கி இழுத்து, வாங்கும்போது கை நீளும் அளவு விலக்க வேண்டும். அபானாசனம். பிறகு த்விபாத பீடம், கடைசியில் கால்களை நாற்காலிமேல் போட்டு ஓய்வு. வாங்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளாதவரை அடுத்ததற்குப் போகமாட்டார். பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருபவர்களிடம் மந்திரம் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். ஆச்சார்யரும் பிற சமயத்தாரிடம் அப்படித்தான் நடந்துகொண்டார்.

இன்றைய நிலை பற்றியும் எழுதச் சொன்னார்கள். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஒரு மாதச் சான்றிதழை மாட்டிக்கொண்டு சிலர் நன்றாகவும் கற்பிக்கிறார்கள். ஆனால் அந்த மைக்! 2015 முதல் ஜூன் 21 யோகா தினம் வந்தால் மைதானத்தில் நூறு பெண்கள், ஒரு மைக், "ஒன்... டூ...". யார் மூச்சு யார் எண்ணுக்கு நிற்கும்? மூன்று மாதக் கர்ப்பிணியும், கர்ப்பப்பை எடுத்தவரும், பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும் ஒரே எண்ணுக்குப் புஜங்காசனம் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் புல்லாங்குழல் கேசட் வேறு. குழல் ஓயும் வரை கையை இறக்கக் கூடாதாம்! போட்டோவுக்காக நிறம் பார்த்து வாங்கிய பாய்கள், பாய்க்குப் பொருந்திய பனியன், அதில் உபயதாரர் பெயர். மைக் வந்த நாளில்தான் தமிழ்நாட்டில் பிராணாயாமம் போயிற்று என்று சொன்னால் மிகை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசு யோகா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நோயாளியிடம் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். எப்படிக் கற்பிப்பது என்று அவர்களிடமாவது கேட்டுப் பார்க்கலாம்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நம் சேர்க்கைப் படிவத்தில் பெயர், முகவரி, சந்தா மூன்றுதான் இருக்கின்றன. டீச்சரம்மாவின் கேள்விகளில் பாதியையாவது அதில் சேர்க்கலாம். பெண்கள் வகுப்பைக் காலை 6 மணிக்கு வைத்திருக்கிறோம். அந்நேரம் அவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறார்கள். மாலைக்கு மாற்றுங்கள். கூடத்துச் சாவியை மாலையில் வாங்கிக்கொள்ள நான் தயார்.