ஸ்விண்டன் மரபு: கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களின் அச்சும் அளவும்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டல், கார்ன்வால், தென் வேல்ஸ் என மேற்கு நோக்கிப் பரவிய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் அவற்றின் பச்சை வண்ணத்தையும், புகைப்போக்கியின் செப்புத் தொப்பியையும், காப்பு வால்வை மூடிய பித்தளைக் கவசத்தையுமே நினைவுகூர்வது வழக்கம். அந்த ஒப்பனைக்கு அடியில், ஒரு பாகத்தை எத்தனை எஞ்சின்களுக்குப் பொதுவாக்க முடியும் என்ற கணக்கு நூறாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விண்டன் மரபு என்பது சரியாகச் சொன்னால் அந்தக் கணக்குதான்.

அதன் தொடக்கம் ஒரு குழப்பத்தில் இருக்கிறது. கம்பெனியின் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல், பிற கம்பெனிகள் 4 அடி 8½ அங்குல இடைவெளியில் தண்டவாளம் போட்டபோது, 7 அடி கால் அங்குல அகலப் பாதையைத் தேர்ந்தார். ஆனால் எடைக்கும் பிஸ்டன் வேகத்துக்கும் அவர் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆலைகள் செய்தனுப்பிய முதல் எஞ்சின்களோ நம்பி ஓட்ட முடியாதவையாக இருந்தன. 1837இல், இருபத்தொரு வயது நிறையுமுன்னே எஞ்சின் கண்காணிப்பாளராக அமர்ந்த டேனியல் கூச்சுக்குக் கைகொடுத்தது, நியூ ஆர்லியன்ஸுக்காக ராபர்ட் ஸ்டீபன்சன் ஆலையில் செய்யப்பட்டு, அங்கே போய்ச் சேராமல் அகலப் பாதைக்கு மாற்றப்பட்ட ‘நார்த் ஸ்டார்’ ஒன்றே. அதைப் பெருக்கி அவர் வடித்த ‘ஃபயர்ஃபிளை’ வகையில் 1840 முதல் 1842 வரை 62 எஞ்சின்கள் பல தனியார் ஆலைகளில் உருவாயின. அச்சிட்ட வரைபடங்களோடு, முக்கிய பாகங்களின் வடிவத்தை அப்படியே வெட்டிய இரும்புத் தகட்டு அச்சுகளையும் கூச் ஒவ்வோர் ஆலைக்கும் அனுப்பினார். ஓர் ஆலையின் பாகம் மற்றோர் ஆலையின் எஞ்சினில் பொருந்த வேண்டும் என்பதே நோக்கம். தையற்காரரின் அளவுத்தாள் போன்ற அந்தத் தகடுகளே இம்மரபின் முதல் இலக்கணம் எனலாம். 1843இல் இயங்கத் தொடங்கிய ஸ்விண்டன் பணிமனை அதற்கு நிலையான வீடாயிற்று. எட்டடி இயக்கு சக்கரங்கள் கொண்ட 1847ஆம் ஆண்டு ‘அயர்ன் டியூக்’ அந்த வீட்டின் புகழைப் பரப்பியது.

1854இல் ஷ்ரூஸ்பரி வட்டாரக் கம்பெனிகள் இரண்டை இணைத்துக்கொண்டபோது, குறுகிய பாதை எஞ்சின்களும் வுல்வர்ஹாம்ப்டன் பட்டறையும் சேர்ந்து வந்தன. அதனோடு இரண்டாம் வடிவமைப்புப் பள்ளியும் வந்தது. அங்கிருந்த ஜோசப் ஆம்ஸ்ட்ராங் 1864இல் கூச்சுக்குப் பின் ஸ்விண்டனுக்குப் போக, தம்பி ஜார்ஜ் வுல்வர்ஹாம்ப்டனைத் தம் போக்கிலேயே நடத்தினார்; அங்கே பூசிய பச்சைகூட நீலம் கலந்த வேறு பச்சை. தண்ணீர்த் தொட்டியைத் தன்மீதே சுமக்கும் சிறு ‘டேங்க்’ எஞ்சின்களே அதன் சிறப்பு. 1868இல் தொடங்கிய அதன் ‘517’ வகையின் சாயலை 1932இல் ஸ்விண்டன் மீண்டும் கையாண்டதைப் பார்த்தால், அடங்கிப்போனதாகக் கருதப்பட்ட பள்ளி உள்ளூர உயிரோடிருந்தது புலப்படும். ஸ்விண்டனில் ஜோசப்புக்கு அடுத்து வந்த வில்லியம் டீன் காலத்தில், 1892 மே மாதத்தில் அகலப் பாதை அடியோடு நீங்கியது. அவருடைய 260 சரக்கு எஞ்சின்கள் அழகில் குறைந்தவை, உழைப்பில் குறையாதவை. இரு உலகப் போர்களிலும் கடல் கடந்து சென்று உழைத்தன.

மரபை இலக்கணமாக்கியவர் 1902இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட். அதற்கு முந்திய ஆண்டே அவர் வகுத்த திட்டத்தில் ஆறு வகை எஞ்சின்களுக்கும் சிலிண்டர் அளவு ஒன்றே: 18 அங்குல விட்டம், 30 அங்குல ஓட்டம்; இயக்கு சக்கரத்துக்கு மூன்றே அளவுகள். கொதிகலனை முன்புறம் ஒடுங்கிப் பின்புறம் அகன்ற கூம்பாக அமைத்தார். வெப்பம் மிகுந்த பின்பகுதியில் தண்ணீருக்கு இடம் கூடும், முன்பகுதியில் எடை குறையும். நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் வால்வு நீண்ட தூரம் நகருமாறு செய்ததால், வேலை முடிந்த நீராவி தடையின்றி வெளியேறியது; சிறு மாற்றமாகத் தோன்றினாலும் வேகத்தின் இரகசியம் இதிலேதான் இருந்தது. கொதிகலனுக்கு அமெரிக்காவைப் பார்த்தவர், சிலிண்டருக்குப் பிரான்சைப் பார்த்தார். ஒரு சிலிண்டரில் உழைத்த நீராவியை அடுத்ததில் மீண்டும் உழைக்க விடும் ‘காம்பவுண்ட்’ முறை எஞ்சினான ‘லா பிரான்ஸ்’ 1903இல் விலைக்கு வாங்கப்பட்டு ஓட்டிப் பார்க்கப்பட்டது. அம்முறை வேண்டாம், ஆனால் நான்கு சிலிண்டர்கள் தரும் சீரான ஓட்டம் வேண்டும் என்பது அவர் முடிவு. 1907இன் ‘ஸ்டார்’ வகை அதன் பயன். பிறர் நூலைக் கற்றுத் தம் உரை எழுதுகிற புலவரின் முறை இது. அவர் எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று இயக்குநர்கள் கேட்டபோது, தம்முடைய ஒன்று போட்டிக் கம்பெனியின் இரண்டைப் பின்னோக்கி இழுத்துவிடும் என்று மறுமொழி சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. 1908இல் அவர் செய்த ‘கிரேட் பேர்’ மட்டும் இலக்கணத்துக்கு வெளியே நின்றது. எடை காரணமாக லண்டன்–பிரிஸ்டல் தடத்தைத் தாண்டிச் செல்ல இயலாமல், 1924இல் சிறிய வகையாக மாற்றப்பட்டது.

சர்ச்வர்டுக்கு அடுத்துப் பொறுப்பேற்ற சார்ல்ஸ் காலெட் புதிதாகக் கண்டுபிடித்தவர் அல்லர், திருத்திப் பெருக்கியவர். ‘ஸ்டார்’ வளர்ந்து 1923இல் ‘காசில்’ ஆயிற்று, ‘காசில்’ வளர்ந்து 1927இல் 40,300 பவுண்டு இழுவிசை கொண்ட ‘கிங்’ ஆயிற்று. 1932 ஜூன் 6 அன்று ‘டிரெஜென்னா காசில்’ ஸ்விண்டனிலிருந்து பாடிங்டன் வரை 77.3 மைலை 56 நிமிடம் 47 விநாடியில் கடந்தது. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் தீட்டிய வண்ண வட்டத்தைக் கண்டாலே, அந்த எஞ்சினின் எடையை எந்தப் பாலம் தாங்கும் என்று சிப்பந்திகள் அறிவர். வட்டத்துக்குள் எழுதிய எழுத்து அதன் வலிமையைக் காட்டும். ‘கிங்’ வகைக்கு மட்டும் இரண்டு சிவப்பு வட்டங்கள். பணிமனையில் ஜெர்மானிய ஸைஸ் ஒளிக்கருவியால் எஞ்சின் சட்டத்தின் நேர்த்தன்மையை அளந்தார்கள். பிறர் புதிதாகக் கோக்கும் அளவுக்கு ஒரு பாகம் தளர்ந்ததும் ஸ்விண்டன் அதைக் கழித்துவிடும் என்ற கேலிப் பேச்சு அக்கால ரயில்வே வட்டாரத்தில் உலவியது.

இந்தத் தன்னிறைவே குறையுமாயிற்று. மெதுவாகவும் சூடாகவும் எரியும் வேல்ஸ் நிலக்கரியை நெருப்புப் பெட்டியில் தடித்த குவியலாக எரியவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில், நீராவியை மேலும் உலர்த்திச் சூடேற்றும் மீச்சூடாக்கும் அமைப்பைச் சிறிதாகவே வைத்திருந்தார்கள். 1932இல் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனிக்குச் சென்ற ஸ்விண்டன் மாணவர் வில்லியம் ஸ்டேனியர், கூம்புக் கொதிகலனோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார். அங்கே அவருடைய ‘ஜூபிலி’ எஞ்சின்கள் போதிய நீராவி தராமல் திணற, அமைப்பைப் பெரிதாக்க நேர்ந்தது. ஸ்விண்டனோ போர்க்காலத்தில் ஃபிரெடரிக் ஹாக்ஸ்வொர்த் பொறுப்பேற்ற பிறகே அதைப் பெரிதாக்கியது.

1948இல் கம்பெனி அரசுடைமை ஆன பின் நாடு முழுவதற்கும் பொதுவான எஞ்சின் வகைகள் வகுக்கப்பட்டன. அவற்றை வகுத்தவர்கள் ஸ்விண்டன்காரர்கள் அல்லர். அவ்வகைகளில் ஒன்றாக, அரசுடைமையான பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினான ‘ஈவ்னிங் ஸ்டார்’ 1960 மார்ச்சில் ஸ்விண்டனிலிருந்து வெளிவந்தது. அவ்வகையைச் சேர்ந்த மற்ற சரக்கு எஞ்சின்கள் கறுப்பாகவே ஓட, இதற்கு மட்டும் பச்சை வண்ணம் பூசி, புகைப்போக்கியில் செப்புத் தொப்பி ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள்.