குற்றமற்ற ஏழையைத் தேடி: கென் லோச்சின் மூன்று படங்கள்

சிக்கனம் என்பது எமது வீடுகளில் நல்ல சொல்லாகவே இருந்து வந்திருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைக்கிற அம்மாவை எவரும் குறை சொன்னதில்லை. பிரித்தானியாவில் 2010இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கம் தனது வெட்டுக்களுக்குச் சூட்டிக்கொண்டதும் இந்தச் சொல்லைத்தான். 2008இல் வங்கிகள் சரிந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்த அரசு கடன்பட்டது. கடனைக் குறைக்கவென்று வாடகை உதவியிலும், வலுவிழந்தோர் கொடுப்பனவிலும், உள்ளூராட்சி சபைகள் நடத்திய நூலகங்களிலும் முதியோர் பராமரிப்பிலும் கைவைத்தார்கள். அம்மா எடுத்தது தன் பானையில் இருந்து. இவர்கள் எடுத்தது அடுத்த வீட்டுப் பானையில் இருந்து.

இந்தக் காலத்தைப் பற்றி அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் 2018 நவம்பரில் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது 1 கோடி 40 இலட்சம் பேர், வறுமையில் வாழ்கிறார்கள் என்று எழுதினார். அதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. சனங்கள் பார்த்தது கென் லோச்சின் படங்களைத்தான். 'ஐ, டானியல் பிளேக்' (2016), 'சொறி வி மிஸ்ட் யூ' (2019), 'தி ஓல்ட் ஓக்' (2023) ஆகிய மூன்றுமே போல் லவேர்ட்டி எழுதியவை. மூன்றுமே இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் நிகழ்பவை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் லோச் எதைச் சரியாகக் கண்டார், எதைக் காணத் தவறினார் என்பது தெளிவாகும். எம்மவர் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் இதனுள் வருகிற விடயம்தான்.

முதற் படம் இருண்ட திரையில் தொடங்குகிறது. குரல்கள் மட்டும் கேட்கின்றன. கையை உயர்த்த முடியுமா, தொப்பி போட முடியுமா என்று ஒரு பெண் படிவத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். வருத்தம் இருதயத்தில், அதைக் கேளுங்கள் என்கிறார் டானியல். படிவத்தில் இருதயம் இல்லை. 59 வயதுத் தச்சன், மாரடைப்பு வந்தவர், வேலைக்குப் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அரசாங்கம் வைத்த சோதனையில் 15 புள்ளி வேண்டும். அவருக்குக் கிடைத்தது 12. ஆகவே அவர் சுகதேகி. இனி வேலை தேடியாக வேண்டும். தேடுகிற வேலை கிடைத்தாலும் அதைச் செய்ய முடியாது.

மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குமுன் முடிவெடுத்தவரே தனது முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதற்குமுன் அவரிடமிருந்து ரெலிபோன் வர வேண்டும். ரெலிபோனுக்குமுன் கடிதம் வந்துவிட்டபடியால் கடிதம் வந்தது பிழை. இதையெல்லாம் விளங்கிக்கொள்ள டானியல் தொலைபேசியில் விவால்டியின் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார். தியேட்டரில் சனம் சிரிக்கிற இடம் இது. எங்களாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் உள்நாட்டு அமைச்சின் ஒரு கடிதத்துக்காகத் தபாற்காரனின் காலடிச் சத்தத்தை வருசக்கணக்காகக் கேட்டு வாழ்ந்த எவருக்கும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

லோச்சின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். வெட்டு என்றால் தொகை குறைவது என்றுதான் பொருளியல்காரர் எழுதுகிறார்கள். ஏழை வீட்டுக்குத் தொகையைவிடத் திகதிதான் முக்கியம். யுனிவர்சல் கிரெடிட் என்ற கொடுப்பனவை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர் முதற் காசுக்கு முதலில் ஆறு கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து கிழமைக்கு முற்பணம் தருவார்கள், அதுவும் கடன். பிறகு வருகிற காசிலிருந்து மாதாமாதம் கழிப்பார்கள். வேலை செய்கிறவருக்கும் இது உண்டு. எங்களைப்போல் கோப்பை கழுவுகிற, வெங்காயம் உரிக்கிற ஆட்களில் பலர் நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் எடுப்பவர்கள். வருசத்தில் ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு சம்பளம் விழும். கொம்பியூட்டர் மாதக் கணக்கில் பார்க்கும். இந்த ஆள் இந்த மாதம் பணக்காரன் என்று கொடுப்பனவை வெட்டும், சிலவேளை முற்றாகவே நிறுத்தும். சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. கலண்டர் மட்டும் நகர்ந்தது. வாடகை கேட்பவருக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்த முடியாது.

இதன்மேல்தான் மேலிடத்து ஸ்திரமின்மை வந்து விழுகிறது. 2016 ஜூலையில் கமரோன் போனதிலிருந்து 2024 ஜூலையில் ஸ்ராமர் வரும்வரை எத்தனை பிரதமர்கள் என்று எண்ண விரல் மடிக்க வேண்டும். லிஸ் ட்ரஸ் ஐம்பது நாளும் முழுதாக இருக்கவில்லை. ஆனால் அவரது நிதியமைச்சர் 2022 செப்ரெம்பர் 23இல் வாசித்த திட்டம் வீட்டுக்கடன் வட்டியை ஏற்றிவிட்டது; கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் அந்த வட்டியைக் குடியிருப்பவரின் தலையில் இறக்கினார்கள். எம்மவரில் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள் என்பது சொல்லாமல் விடக்கூடாத விடயம். ஆட்சி மாறிய பிறகும் இதே கதைதான். முதியோரின் குளிர்கால எரிபொருட் காசை 2024 ஜூலையில் பெரும்பாலானோருக்கு நிறுத்தினார்கள். ஒரு குளிர்காலம் போன பிறகு, 2025 ஜூனில், பெரும்பாலானோருக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது பிள்ளைக்குக் காசில்லை என்ற 2017ஆம் ஆண்டு விதியை நீக்க வேண்டுமென்று வாக்களித்த ஆளுங்கட்சி எம்.பி.க்கள் ஏழு பேரை 2024இல் கட்சிக் குழுவிலிருந்து இடைநிறுத்தினார்கள். 2025 நவம்பரில் அதே அரசாங்கம் அதே விதியை நீக்குவதாக அறிவித்தது. வலுவிழந்தோரின் தனிநபர் கொடுப்பனவை இறுக்கப்போவதாக 2025 மார்ச்சில் சொல்லி, ஜூலையில் சட்டமூலத்திலிருந்து அதைக் கழற்றினார்கள். இடைப்பட்ட மாதங்களில் எந்த வீட்டிலும் ஒரு பவுணும் குறையவில்லைத்தான். ஆனால் அந்த வீடுகளில் யார் நிம்மதியாகப் படுத்தார்கள்?

இந்தப் பயத்தை லோச்சின் படங்கள் காட்டுவதில்லை. அவருக்கு நிகழ்வு வேண்டும். கடிதம் வர வேண்டும், கதவு அடைபட வேண்டும், யாராவது விழ வேண்டும். வராத கடிதத்தை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஏழை வீட்டின் பெரும்பகுதி நாட்கள் எதுவும் நடக்காமல், நடக்குமோ என்று இருந்தே கழிகின்றன.

உணவு வங்கிக் காட்சிக்கு வருவோம். லண்டன் விடுதியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு நியூகாசிலுக்கு அனுப்பப்பட்ட கேற்றி, உணவு வங்கியின் தட்டுக்களுக்கிடையே ஒரு தகரப்பேணியைத் திறந்து கையால் அள்ளி வாயில் போடுகிறாள். பிறகு அழுகிறாள். மூன்று படத்திலும் இதற்கு நிகரான காட்சி இல்லை. ட்ரசல் அமைப்பின் உணவு வங்கிகள் 2010-11இல் கொடுத்த பொதிகள் ஏறத்தாழ 61 ஆயிரம். 2022-23இல் ஏறத்தாழ 30 இலட்சம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எத்தனை கேற்றிகள் என்று யோசிக்க வைக்கிறது அந்தக் காட்சி. எங்களுக்கு இன்னொன்றும் தோன்றியது. நிவாரணத்துக்கு நாங்களும் வரிசையில் நின்றிருக்கிறோம். அங்கே ஊரே நின்றது. மாஸ்ரரும் நின்றார், கடைக்காரரும் நின்றார். பசி இருந்தது, வெட்கம் அவ்வளவாக இருக்கவில்லை. இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிடிபட்டவர்கள்போல் நிற்கிறார்கள். ஊரில் குண்டு செய்த வேலை என்று சொல்ல முடிந்தது. இங்கே உன் பிழை என்று சொல்லித்தான் பொதி வரிசைக்கு அனுப்புகிறது அரசு.

இனிக் குறைக்கு வருவோம். டானியல் பிளேக்கில் ஒரு மாசு இல்லை. நாற்பது வருசம் உழைத்தவர். வருத்தக்கார மனைவியைக் கடைசிவரை பார்த்தவர். அயல்வீட்டுப் பெடியனுக்கு நல்லவர், கேற்றியின் பிள்ளைகளுக்கு மரத்தில் மீன் செதுக்கித் தருபவர். குடிப்பதில்லை, சூதில்லை, பொய் இல்லை. கேற்றி கடையில் களவெடுத்தால்கூட அது எவரும் மன்னிக்கக்கூடிய களவாகவே இருக்கிறது. படம் வெளியானபோது அப்போதைய அமைச்சர் டேமியன் கிறீன், படத்தைப் பார்க்காமலே, இது அநியாயமான சித்திரிப்பு என்றார். அதை விடுவோம். எங்களைத் தொந்தரவு செய்வது வேறொன்று. பாத்திரத்தை இப்படித் துடைத்து வைத்ததால், உதவிக்குத் தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்ற அரசாங்கத்தின் கோட்டை லோச்சும் ஒத்துக்கொண்டுவிடுகிறார். டானியல் கோட்டின் இந்தப் பக்கம் நிற்கிறவர், தவறுதலாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பதாக வழக்கு சுருங்கிவிடுகிறது. அப்படியானால் பின்னேரம் பியர் குடிக்கிறவன், ஒரு நாள் வேலை செய்து அதை மறைத்தவன், மூன்று வேலையை விட்டுவிட்டு வந்தவன் பட்டினி கிடக்கலாமா?

இந்தக் கோடு எங்களுக்குப் புதிதல்ல. அகதி விசாரணை என்பது இதே சோதனைதான். முன்னுக்குப்பின் முரணில்லாத கதை, சரியான திகதிகள், கண்ணீர் அளவோடு. பயந்தவன் திகதியை மாற்றிச் சொன்னால் கதை முழுவதும் பொய். குற்றமற்றவனாக இருந்தால்தான் உயிருக்குப் பெறுமதி. இந்தப் பரீட்சையில் இத்தனை அடி வாங்கிய எம்மவர், காகிதம் கிடைத்த மறுநாளே பரீட்சகர் ஆகிவிடுவதுதான் ஆச்சரியம். இந்தப் படத்தைப் பற்றி எமது வட்டங்களில் கேட்ட கதைகளில் பாதி இப்படித்தான்: நாங்கள் இரண்டு வேலை செய்யவில்லையா, வெள்ளைக்குப் பஞ்சி, பெனிபிட்டில் கிடந்து பழகிவிட்டது. இன்னும் சிலர், புதிதாக வந்த தமிழ்ப் பெடியளையே இப்படிச் சொன்னார்கள். இப்படிச் சொல்பவர்களிடம் ஒன்று நினைவூட்ட வேண்டும். கேற்றியை லண்டனிலிருந்து வடக்குக்கு அனுப்பிய முறை ஏழை வெள்ளையருக்கென்று புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அகதி விண்ணப்பகாரர்களை லண்டனுக்கு வெளியே, வாடகை மலிந்த ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். காசுக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்தார்கள். சாமான் வாங்கி மிஞ்சிய சில்லறையைக் கடைக்காரன் தரத் தேவையில்லை. கூப்பன் 2002இல் நின்றது, பிரித்து அனுப்புவது நிற்கவில்லை. எங்களுக்குமுன் வந்தவர்கள்மேல் பரீட்சித்துப் பார்த்ததைப் பிறகு உள்ளூர் ஏழைமேலும் செய்தார்கள்.

'சொறி வி மிஸ்ட் யூ' இந்தக் குறையிலிருந்து தப்பிய படம். மூன்றிலும் அதுவே சிறந்தது என்பது எங்கள் அபிப்பிராயம். பொதி விநியோகிக்கும் ரிக்கி நல்லவன்தான், ஆனால் பிழை விடுகிறவன். வான் வாங்குவதற்காக, வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் மனைவியின் காரை விற்க வைக்கிறான். அவள் பிறகு பஸ்ஸில் அலைகிறாள். மகனை அடிக்கிறான். அவன் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. லீவு கேட்டால் தண்டப்பணம். இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து பிள்ளைகளின் நித்திரை முகத்தை மட்டும் பார்க்கிற சமையலறைக்காரருக்கு இந்த வீட்டைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இங்கே எவரும் பெனிபிட் எடுக்கவில்லை, எல்லோரும் உழைக்கிறார்கள், வீடு உடைகிறது. பஞ்சிக் கதை பேசுபவர்கள் பார்க்க வேண்டிய படம் இது.

'தி ஓல்ட் ஓக்' எங்களைப் பற்றியது என்று சொல்லலாம். நிலக்கரிச் சுரங்கம் மூடிய டேர்ஹம் கிராமமொன்றுக்கு 2016இல் சிரிய அகதிகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மதுச்சாலையின் பின்னறையில் அகதிகளும் ஊராரும் சேர்ந்து சாப்பிடத் தொடங்குகிறார்கள். ஆனால் அகதிப் பெண் யாராவும் டானியலைப்போலவே துடைத்து வைத்த பாத்திரம். ஆங்கிலம் பேசுகிறாள், படம் பிடிக்கிறாள், ஒருவரையும் திட்டுவதில்லை. அவளைவிட உயிருள்ளவன் அவளை வெறுக்கிற சார்லி. அவன் தெருவில் உள்ள வீடுகளைக் கண்ணாலும் பாராத கொம்பனிகள் ஏலத்தில் மலிவாக வாங்குகின்றன. அவன் வாழ்நாள் உழைப்பால் வாங்கிய வீட்டின் பெறுமதி சரிகிறது. ஏன் எல்லாரையும் எங்கள் ஊரிலேயே கொண்டுவந்து இறக்குகிறீர்கள், பணக்காரர் தெருவில் ஏன் இறக்கவில்லை என்பது இனவாதியின் வாயிலிருந்து வந்தாலும் சரியான கேள்வி. படம் அதற்குப் பதில் தேடாமல் செத்தவீட்டுக்குப் போய்விடுகிறது. யாராவின் தகப்பன் இறந்த செய்தி வர, ஊர் பூவோடு வந்து வாசலில் நிற்கிறது. அழகான காட்சி. ஆனால் எமது ஊரிலும் செத்தவீட்டுக்குப் பகையாளி வருவான். எட்டுச் செலவு முடிய மறுபடி வேலிக் கதியாலைப் பிடுங்கவும் வருவான் என்பது லோச்சுக்குத் தெரியாது.

படம் திரைக்கு வந்து ஒரு வருசம் ஆகவில்லை. 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி, அதே வடகிழக்கில், நியூகாசிலுக்குப் பக்கத்துச் சண்டலண்டில் அகதிகளுக்கு எதிராகக் கிளம்பிய கும்பல் பொலிஸ் அலுவலகம் ஒன்றுக்குத் தீ வைத்தது. பக்கத்தில் இருந்த பிரசைகள் ஆலோசனை நிலையமும் சேர்ந்து எரிந்தது. புள்ளி போதாமல் போனவருக்கு மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பது அங்கேதான். வாடகை நிலுவைக்காரருக்கும் கடன்காரருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அங்கேதான். கும்பலில் வந்தவர்களில் சிலரோ அவர்களின் தாய்மாரோ அதற்கு முந்திய கிழமை அந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அந்த நிலையத்து வரிசையை, வெள்ளையரும் அகதியும் ஒரே படிவத்தோடு இருக்கிற அந்தக் கதிரைகளை, மூன்று படத்திலும் லோச்சின் கமெரா ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை.